வெப்சைட் டிசைனை மாற்றினால் விற்பனை கூடுமா? ஆன்லைனில் ஏலக்காய் விற்கும் சிறு கடைக்கும் தேவைப்படும் 'ஏ/பி டெஸ்ட்' - முழு விளக்கம்

ஏலக்காய், மிளகு, காபித்தூள், தேன் என மலையில் விளைவதை ஆன்லைனில் விற்கும் கடைகளுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். "சைட் பார்க்க பழசா இருக்கு, மாத்திடலாமா?" டிசைனருக்குப் பணம் கொடுத்து, புதுப் படங்கள் எடுத்து, நிறம் மாற்றி, ஒரு நல்ல நாள் பார்த்து புதிய வெப்சைட்டைத் திறப்பார்கள். அடுத்த மாதம் ஆர்டர் கூடினால் "டிசைன் வேலை செய்யுது" என்பார்கள். குறைந்தால் "சீசன் சரியில்லை" என்பார்கள்.

இரண்டு முடிவுமே தவறாக இருக்கலாம். புதிய டிசைன் உண்மையில் விற்பனையைக் கூட்டியதா, குறைத்ததா என்பதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆன்லைன் நிறுவனங்கள் பயன்படுத்தும் முறைதான் 'ஏ/பி டெஸ்ட்'. இது எப்படிச் செயல்படுகிறது? தேனி, போடி, கம்பம் பகுதிகளில் இருக்கும் சிறிய கடைக்கு இது பயன்படுமா? விரிவாகப் பார்க்கலாம்.

முன்பும் பின்பும் பார்த்தால் போதாதா?

புது வெப்சைட்டுக்கு முந்தைய மாத விற்பனை, பிந்தைய மாத விற்பனை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. எளிதான வழி. ஆனால் ஏலக்காய் போன்ற பொருளில் இது பெரிய அளவில் ஏமாற்றிவிடும்.

காரணம், இரண்டு மாதங்களுக்கு இடையில் டிசைன் மட்டும் மாறுவதில்லை. நவம்பரில் ஐயப்ப சீசன் தொடங்கினால் குமுளி சாலையில் கூட்டம் கூடும். தீபாவளிக்கு முன்பு பலகாரத்துக்கு ஏலக்காய் வாங்குவார்கள். பொங்கல் முடிந்ததும் ஆர்டர் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் வெப்சைட் எப்படி இருந்தாலும் நடக்கும்.

அடுத்தது விலை. ஏலக்காய்க்கான மின்னணு ஏலம் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் கீழ் போடிநாயக்கனூரிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்கிறது. 2007-ல் தொடங்கிய இந்த ஏலத்தில் விலை ஒவ்வொரு முறையும் மாறும். 2018 வெள்ளத்தில் செடிகள் பாதிக்கப்பட்டு, 2019-ல் மழையும் தாமதமானபோது வரத்து குறைந்தது. அந்த ஆகஸ்ட்டில் புத்தடியில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே வந்தது.

இப்படி விலை இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு கடை டிசைனை மாற்றியிருந்தால், ஆர்டர் கூடியதற்கு விலை காரணமா, டிசைன் காரணமா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. விலை ஏறும் நேரத்தில் மாற்றியிருந்தால், நல்ல டிசைன்கூட தோற்றதுபோலத் தெரியும்.

ஏ/பி டெஸ்ட் என்றால் என்ன?

பழைய பக்கம் 'ஏ'. புதிய பக்கம் 'பி'. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். வெப்சைட்டுக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு ஏ, பாதிப் பேருக்கு பி காட்டப்படும். யாருக்கு எது என்பதைக் கடைக்காரரோ, வாடிக்கையாளரோ முடிவு செய்வதில்லை. நாணயம் சுண்டுவதுபோல மென்பொருள் முடிவு செய்யும்.

இதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. பண்டிகை வந்தால் இரண்டு பாதிக்கும் வரும். விலை இறங்கினால் இரண்டு பாதிக்கும் இறங்கும். கூரியர் தாமதமானால் இரண்டு பக்கமும் பாதிக்கும். இரண்டு கூட்டத்துக்கும் இடையே திட்டமிட்டு வைத்த ஒரே வித்தியாசம், அவர்கள் பார்த்த பக்கம் மட்டும்தான். எனவே போதுமான ஆட்கள் வந்த பிறகும் ஆர்டரில் தெளிவான வித்தியாசம் தெரிந்தால், அதற்கு டிசைனைக் காரணமாகச் சொல்லலாம்.

வயலில் இருந்து வந்த முறை

இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் வேர் விவசாயத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், உரத்தையும் பயிர் ரகத்தையும் நியாயமாக ஒப்பிடுவது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்றார். 1935-ல் வெளியான அவருடைய பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூல் இந்தத் துறைக்கு அடிப்படையாக அமைந்தது.

ஏன் குலுக்கல்? கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். வாய்க்கால் ஓரத்துக் கொடிகளுக்குப் புது உரம், மேட்டுப் பக்கத்துக் கொடிகளுக்குப் பழைய உரம் என்று போட்டுவிட்டு, "புது உரத்துக்கு நல்ல காய்ப்பு" என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். "வாய்க்கா தண்ணி பாஞ்ச இடம்ப்பா அது" என்பார்கள். வெப்சைட்டில் தீபாவளி மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தையும் ஒப்பிடுவதும் இதே தவறுதான்.

தேனி மாவட்டத்துக்கு இந்த ஒப்பீட்டு முறை புதிதல்ல. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1989-ல் வெளிவந்த பி.கே.எம்-1 முருங்கை இன்று பல நாடுகளில் பயிராகிறது. பெயரில் இருக்கும் பி.கே.எம். என்பதே பெரியகுளத்தின் சுருக்கம்தான். ஒரு ரகத்தை வெளியிடும் முன் ஏற்கெனவே இருக்கும் ரகத்தோடு பக்கத்துப் பக்கத்தில் நட்டு ஒப்பிடுவது வேளாண் ஆராய்ச்சியின் வழக்கம். ஏ/பி டெஸ்ட்டில் பாத்திக்குப் பதில் வாடிக்கையாளர், உரத்துக்குப் பதில் வெப் பக்கம். அவ்வளவுதான்.

வெப்சைட்டில் எப்படி நடக்கிறது?

ஒருவர் கடையின் லிங்க்கைத் திறந்ததும், டெஸ்ட் மென்பொருள் அவரை ஏ அல்லது பி கூட்டத்தில் சேர்க்கும். அந்தத் தகவல் அவருடைய பிரவுசரில் 'குக்கி' எனும் சிறு பதிவாகச் சேமிக்கப்படும். அதனால் அதே போனில் நாளை வந்தாலும் அவருக்கு அதே பக்கம்தான் தெரியும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறினால் வாங்குபவர் குழம்பிவிடுவார், கணக்கும் கெட்டுவிடும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை ஒரு முறை போனில் திறக்கிறார். இரவு வீட்டு கம்ப்யூட்டரில் திறக்கிறார். மென்பொருளுக்கு இவர் இரண்டு பேர். ஒரு முறை ஏ, மறுமுறை பி பார்க்க வாய்ப்பு உண்டு. லாகின் செய்து வாங்கும் கடைகளில் இந்தச் சிக்கல் குறைவு.

இன்னொரு கவனம் கூகுள் தேடல் பற்றியது. இரண்டு பக்கங்கள் ஓடினால் தேடல் வரிசையில் கடை கீழே போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. டெஸ்ட் நடத்துவதை கூகுள் அனுமதிக்கிறது. சில நிபந்தனைகள் உண்டு. பி பக்கத்துக்குத் தனி முகவரி இருந்தால் 'மூலப் பக்கம் இதுதான்' என்று ஏ பக்கத்தைக் குறிப்பிட வேண்டும். திருப்பிவிடுவது நிரந்தரத் திருப்பமாக இல்லாமல் 302 எனும் தற்காலிகத் திருப்பமாக இருக்க வேண்டும். கூகுளின் தேடல் ரோபோவுக்கு ஒரு பக்கம், மனிதர்களுக்கு வேறொரு பக்கம் என்று காட்டக் கூடாது. டெஸ்ட் முடிந்ததும் அதற்கான கோடுகளை நீக்கிவிட வேண்டும்.

எத்தனை பேர் பார்த்தால் முடிவை நம்பலாம்?

சிறு கடைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

கடையின் ஏ பக்கத்தை 1,000 பேர் பார்த்து 20 பேர் வாங்குகிறார்கள். பி பக்கத்தை 1,000 பேர் பார்த்து 26 பேர் வாங்குகிறார்கள். பார்த்தவுடன் "முப்பது சதவீதம் கூடிருச்சு" என்று தோன்றும். ஆனால் ஏ, பி இரண்டும் அச்சு அசலாக ஒரே பக்கமாக இருந்தாலும்கூட, இந்த அளவு வித்தியாசம் ஏதோ ஒரு பக்கம் வெறும் தற்செயலாக வருவதற்கு, பத்துக்கு நான்கு முறை அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது. எனவே 20-க்கு 26 என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

புள்ளியியலில் பொதுவாகப் பயன்படுத்தும் அளவுகோல்படி கணக்கிட்டால் நிலைமை இப்படி இருக்கும்:

* 100 பேரில் 2 பேர் வாங்கும் கடையில், அது 2.4 ஆகக் கூடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கத்தையும் சுமார் 21,000 பேர் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 42,000 பேர். மாதம் 3,000 பேர் வரும் கடைக்கு 14 மாதம் ஆகும்.

* அதே கடையில் 2 என்பது 4 ஆகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்துக்கு சுமார் 1,150 பேர் போதும். ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

* வாங்கியவர்களுக்குப் பதில், பொருளைக் கூடையில் போட்டவர்களை அளந்தால்? 100-க்கு 10 பேர் என்பது 12 ஆகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்துக்கு சுமார் 3,850 பேர். இரண்டரை மாதத்தில் முடியும்.

இந்தக் கணக்கு சொல்லும் பாடம் எளிது. சிறு கடைகள் பட்டன் நிறம் போன்ற சில்லறை மாற்றங்களை டெஸ்ட் செய்வதில் பயனில்லை. வித்தியாசம் பெரிதாக இருக்க வாய்ப்புள்ள மாற்றங்களைத்தான் டெஸ்ட் செய்ய வேண்டும். முதல் பக்கத்தையே முழுதாக மாற்றுவது, டெலிவரி கட்டணத்தை முன்கூட்டியே காட்டுவது, லாகின் இல்லாமல் வாங்க விடுவது, பக்கங்களைத் தமிழில் கொடுப்பது போன்றவை அந்த வகை.

எதை அளக்க வேண்டும்?

ஆர்டர் எண்ணிக்கை மட்டும் போதாது. கேஷ் ஆன் டெலிவரி பழகிப்போன நம் ஊரில் இது இன்னும் முக்கியம்.

பி பக்கத்தில் 'கையில் பணம் கொடுத்தால் போதும்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டதால் ஆர்டர் 20-ல் இருந்து 26 ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஏ பக்கத்தின் 20 பார்சலில் 18 வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்கின்றன. பி பக்கத்தின் 26 பார்சலில் 9 திரும்பி வந்துவிடுகின்றன, சேர்ந்தது 17 மட்டுமே. இரண்டு பக்கக் கூரியர் செலவும் கடைக்காரர் தலையில். ஆர்டர் கணக்கில் ஜெயித்த டிசைன் பணக் கணக்கில் தோற்றுவிட்டது.

அதனால் டெஸ்ட் தொடங்கும் முன்பே ஒரே ஒரு முக்கிய அளவை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'டெலிவரி ஆகி, பணம் வந்த ஆர்டர்' என்பது நல்ல அளவு. அதோடு சராசரி பில் தொகை, திரும்பி வந்த பார்சல், பக்கம் திறக்க ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் கண்காணித்தால், ஒரு பக்கம் லாபம் காட்டி மறுபக்கம் நஷ்டம் வருவதைத் தவிர்க்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு என்ன நடந்தது?

பெரிய பட்ஜெட் இருந்தால் டிசைன் தோற்காது என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 15 கோடி பவுண்ட் செலவில் உருவாக்கிய புதிய வெப்சைட்டை 2014 பிப்ரவரியில் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் முடிந்த காலாண்டில் ஆன்லைன் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 8.1 சதவீதம் குறைந்தது. புதிய தளத்துக்கு மாறியது விற்பனையைப் பாதித்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. மைக்ரோசாப்ட்டின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பு காட்டப்படும் விதத்தில் சிறு மாற்றம் செய்யலாம் என்று 2012-ல் ஒரு ஊழியர் யோசனை சொன்னார். முக்கியமில்லை என்று அது மாதக்கணக்கில் கிடப்பில் போடப்பட்டது. பின்னர் ஒரு பொறியாளர் ஏ/பி டெஸ்ட் நடத்தியபோது வருமானம் 12 சதவீதம் கூடியது தெரிந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கூடுதல் வருமானம்.

ஆனால் இப்படிப்பட்ட வெற்றி அபூர்வம். மைக்ரோசாப்ட் நடத்திய டெஸ்ட்களில் மூன்றில் ஒரு பங்கு நல்ல பலன் தந்தது, ஒரு பங்கில் மாற்றமில்லை, மீதி ஒரு பங்கு கெடுதல் செய்தது என்று அங்கு இந்தப் பணிக்குத் தலைமை வகித்த ரோன் கோஹாவி எழுதியிருக்கிறார். அனுபவசாலிகள் நிறைந்த இடத்திலேயே பாதிக்கும் மேற்பட்ட யோசனைகள் பலிக்கவில்லை. "எனக்குப் பிடிச்சிருக்கு, கஸ்டமருக்கும் பிடிக்கும்" என்ற நம்பிக்கையில் பழைய பக்கத்தைத் தூக்கி எறிவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

வழக்கமாக நடக்கும் தவறுகள் என்ன?

தினமும் எட்டிப் பார்த்து நிறுத்துவது: டெஸ்ட் தொடங்கிய மூன்றாம் நாளே பி பக்கம் முன்னால் போகும். "போதும், பி-யையே வச்சுக்கலாம்" என்று நிறுத்திவிடுவார்கள். ஆரம்பத்தில் எண்கள் இரண்டு பக்கமும் தாவிக்கொண்டே இருக்கும். நமக்குப் பிடித்த நேரத்தில் நிறுத்தினால், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக நம்பிவிடுவோம். எத்தனை பேர், எத்தனை வாரம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதுவரை காத்திருக்க வேண்டும்.

அரை வாரத்தில் முடிப்பது: ஞாயிற்றுக்கிழமை வாங்குபவர் வேறு, புதன்கிழமை வாங்குபவர் வேறு. முழு வாரங்களாக, குறைந்தது இரண்டு வாரமாவது ஓட வேண்டும்.

பாதிக்குப் பாதி வருகிறதா என்று பார்க்காதது: 10,000 பேர் வந்தால் இரண்டு பக்கமும் 5,000-க்கு அருகில் இருக்க வேண்டும். 5,050, 4,950 என்றால் பரவாயில்லை. 5,200, 4,800 என்று வந்தால் பிரிப்பதில் ஏதோ கோளாறு. ஒரு பக்கம் சில போன்களில் திறக்காமல் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் முடிவைப் படிக்கக் கூடாது.

வேகத்தை மறப்பது: டெஸ்ட் மென்பொருளின் கோடு பக்கத்தில் சேரும்போது பக்கம் மெதுவாகலாம். சில நேரம் பழைய பக்கம் ஒரு நொடி தெரிந்து பிறகு புதிய பக்கம் மின்னி வரும். மலையோர ஊர்களில் சிக்னல் குறைவான இடத்தில் இருப்பவருக்கு இது இன்னும் மோசம். டிசைன் தோற்றதா, வேகம் தோற்றதா என்று தெரியாமல் போய்விடும்.

பழகியவர்களை மறப்பது: மூன்று வருடமாக ஒரே இடத்தில் பட்டனைப் பார்த்துப் பழகியவர் புதுப் பக்கத்தில் தடுமாறுவார். மறுபக்கம், புதுசு என்பதாலேயே சிலர் ஆர்வமாகக் கிளிக் செய்வார்கள். இரண்டும் சில வாரங்களில் அடங்கிவிடும். புது வாடிக்கையாளர், பழைய வாடிக்கையாளர் கணக்கைத் தனித்தனியாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

எதை டெஸ்ட் செய்யக் கூடாது?

முதலில் விலை. 2000-ம் ஆண்டில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு வெவ்வேறு தள்ளுபடியில் காட்டிச் சோதித்தது. வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அதிக விலை கொடுத்த 6,896 பேருக்கு சராசரியாக 3.10 டாலர் திருப்பித் தரப்பட்டது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

போடி ஏலக்காயை ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேர் வாங்கி, "எனக்கு நூறு ரூபா கூட போட்டிருக்கான்" என்று தெரிந்தால், அந்தக் கடையின் பெயர் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, ஏமாற்று டிசைன். 'இன்னும் 2 பாக்கெட்தான் இருக்கு' என்று பொய்யாகக் காட்டினால் டெஸ்ட்டில் பி பக்கம் ஜெயிக்கக்கூடும். ஆனால் அது சட்டப்படி தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 வகை ஏமாற்று உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. போலியான அவசரம், கேட்காமலே கூடையில் கூடுதல் பொருள் சேர்ப்பது, கடைசி நேரத்தில் மட்டும் கட்டணத்தைக் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூச்சப்படவைக்கும் வாசகம் ஆகியவை அதில் அடங்கும். இது பெரிய தளங்களுக்கு மட்டுமின்றி, ஆன்லைனில் விற்பவர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் பொருந்தும்.

கூட்டம் குறைவாக வரும் கடை என்ன செய்யலாம்?

மாதம் 500 பேர் மட்டுமே வரும் கடைக்கு ஏ/பி டெஸ்ட் சரிப்படாது. முடிவு தெரிய வருடக்கணக்கில் ஆகும். அதற்காக வேறு வழியே இல்லை என்று அர்த்தமில்லை.

* ஐந்து பேரை உட்கார வைத்து, அவர்கள் போனிலேயே 100 கிராம் ஏலக்காய் ஆர்டர் செய்யச் சொல்லலாம். உதவி செய்யாமல் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எங்கே விரல் நிற்கிறது, எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்பதிலேயே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். இதில் ஒருவர் கண்ணாடி போட்ட பெரியவராக இருப்பது நல்லது.

* வாட்ஸ்அப்பிலும் போனிலும் வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதலாம். "8 எம்எம்னா என்ன?", "எத்தனை நாளில் வரும்?" என்று பத்துப் பேர் கேட்டால், அந்தப் பதில் பக்கத்தில் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

* புதிய டிசைனை ஒரேயடியாக மாற்றாமல், முதலில் பத்தில் ஒருவருக்கு மட்டும் காட்டலாம். பணம் செலுத்தும் பக்கம் உடைந்திருப்பது போன்ற பெரிய கோளாறு இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

* பழைய வெப்சைட்டை அழிக்காமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போக முடியுமா என்று டிசைனரிடம் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

* தீபாவளி, ஐயப்ப சீசன் நெருங்கும் நேரத்தில் டிசைன் மாற்றமே வேண்டாம். ஏதாவது தவறினால் சீசன் வருமானம் கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு என்ன கருவிகள் இருக்கின்றன?

சிறு கடைகள் அதிகம் பயன்படுத்திய இலவசக் கருவியான 'கூகுள் ஆப்டிமைஸ்' 2023 செப்டம்பர் 30-ல் நிறுத்தப்பட்டது. இணையத்தில் உள்ள பழைய வழிகாட்டி வீடியோக்கள் இன்னும் அதைத்தான் காட்டுகின்றன என்பதால் கவனம் தேவை.

இந்தத் துறையில் இந்திய நிறுவனங்கள் வலுவாகவே இருக்கின்றன. டெல்லியின் விங்கிஃபை நிறுவனம் உருவாக்கிய 'வி.டபிள்யூ.ஓ' உலக அளவில் பயன்படுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்திடம் 'பேஜ்சென்ஸ்' இருக்கிறது. சென்னையில் தொடங்கப்பட்ட 'சார்ஜெட்' எனும் நிறுவனத்தை ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2017-ல் வாங்கியது. எந்தக் கருவி என்றாலும் மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை பார்வையாளர் வரை அனுமதி, பக்கத்தின் வேகம் குறையுமா என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்

* புதிய டிசைனுக்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒப்பிடுவது ஏமாற்றும். சீசனும் ஏலக்காய் விலையும் நடுவில் புகுந்துவிடும்.

* பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில், குலுக்கல் முறையில் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டுவதுதான் ஏ/பி டெஸ்ட்.

* எத்தனை பேர், எத்தனை வாரம், எதை அளப்பது என்ற மூன்றையும் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

* கூட்டம் குறைவான கடைகள் பெரிய மாற்றங்களை மட்டும் டெஸ்ட் செய்யலாம். அதற்கும் ஆள் போதவில்லை என்றால் ஐந்து பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பதே மேல்.

* விலையிலும் உண்மையிலும் டெஸ்ட் கூடாது.

டெஸ்ட் முடிவில் "வித்தியாசம் எதுவும் தெரியவில்லை" என்று வந்தாலும் அதை வீண் என்று நினைக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் பணத்தை இன்னொரு டிசைனுக்குச் செலவழிப்பதற்குப் பதில் நல்ல பேக்கிங்குக்கோ, வேகமான டெலிவரிக்கோ செலவழிக்கலாம் என்பதை அந்த முடிவே சொல்லிவிடும்.